உங்கள் மின்னஞ்சல் போல்டர் உண்மையில் எங்கே இருக்கிறது?

போன ஐப்பசியில், இடி மின்னலோடு மழை கொட்டிய ஒரு பின்னேரம், கிளிநொச்சியில் ஒரு கமக்கார அமைப்பின் அலுவலகத்தில் பிளக்கில் கிடந்த லாப்டொப் கருகிப் போனது. அடுத்த நாள் காலை, அங்கே எழுத்து வேலை பார்க்கும் தங்கச்சி எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, புது லாப்டொப்பிலை மெயிலைப் போட்டுப் பாத்தனான். ரெண்டு கிழமைக் கடிதம்தான் நிக்குது. நான் பிரிச்சு வச்ச போல்டர் ஒண்டையும் காணேல்லை."

பதினொரு போல்டர். இரணைமடுத் தண்ணீர்க் கூட்டக் குறிப்புகள், காலபோக விதைநெல், பசளை மானியப் பட்டியல், சிறுபோகப் பங்கீடு, கமநல சேவை நிலையத்துக்கு அனுப்பிய கடிதங்கள் என்று ஆறு வருட வேலை. சொல்லி முடித்துவிட்டு அவர் கேட்டார்: "மெயில் இன்ரநெற்றிலைதானே இருக்கு? லாப்டொப் செத்தால் மெயிலும் ஏன் சாகுது?"

நியாயமான கேள்வி. அந்த அமைப்பின் மின்னஞ்சல் ஓடும் சின்ன லினக்ஸ் சேர்வரை, அதாவது கடிதங்கள் முதலில் வந்து விழும் கணினியை, பார்த்துக்கொள்பவன் நான். இந்தக் கேள்வியை அவர் கேட்க முதலே நான் அவருக்கு விளங்கப்படுத்தியிருக்க வேண்டும். திரையின் இடப்பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் தெரியும் அந்தப் போல்டர், சிலருக்குச் சேர்வரில் இருக்கிறது. சிலருக்கு அவர்கள் மடியில் இருக்கும் கணினியில் மட்டும் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மின்னல் விழும் நாளில்தான் வித்தியாசம் தெரிகிறது.

சேர்வரில் வந்து விழுந்த கடிதத்தை நம் கைக்குக் கொண்டுவர இரண்டு வழி உண்டு. பழைய வழி பொப். இன்றும் புழக்கத்தில் உள்ள அதன் மூன்றாம் பதிப்பின் விதிகள் 1996 இல், ஆர்எஃப்சி எனப்படும் இணைய விதி ஆவணங்களின் வரிசையில், 1939 என்ற இலக்கத்தோடு வெளியாயின. அந்த விதிகளில் எங்கே தேடினாலும் போல்டர் என்ற ஒன்று கிடையாது. ஆளுக்கு ஒரு பெட்டி. அதில் எத்தனை கடிதம், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது, மூன்றாவதைத் தா, மூன்றாவதை அழி: பொப்புக்குத் தெரிந்த பேச்சு கிட்டத்தட்ட இவ்வளவுதான். தபால்காரர் கடிதத்தைக் கையில் தந்துவிட்டுச் சைக்கிளைத் திருப்புகிறார். அதை எந்த இலாச்சியில் வைப்பது என்பது வாங்கியவர் பாடு.

மற்ற வழி ஐமப். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர் 1986 இல் தொடக்கிவைத்தது. கடிதம் சேர்வரிலேயே இருக்கட்டும், பார்ப்பவர் எங்கிருந்தும் வந்து பார்க்கட்டும் என்பது அவருடைய எண்ணம். அதனால் போல்டரை உருவாக்கு, பெயரை மாற்று, பட்டியலைக் காட்டு, இந்தப் போல்டரைத் திற என்று சேர்வரிடம் சொல்லும் கட்டளைகள் அதற்குள் பிறந்தன. பெரும்பாலான சேர்வர்கள் இன்றும் பேசும் பதிப்பு 2003 இல் வந்த ஆர்எஃப்சி 3501. அதற்கு அடுத்தது, ஆர்எஃப்சி 9051, 2021 இல் வெளியானது.

அந்த லாப்டொப்பில் தண்டர்பேர்ட் என்ற மென்பொருளில் கணக்கு பொப் ஆகப் போடப்பட்டிருந்தது. "கடிதங்களைச் சேர்வரில் 14 நாளுக்கு மட்டும் விட்டுவை" என்ற தெரிவும் அதில் இருந்தது. ஆகவே புது லாப்டொப்பில் இரண்டு கிழமைக் கடிதம் மட்டும் நின்றதில் புதினம் எதுவும் இல்லை. நான் எடுக்கும் பக்கப்பிலும் ஒரு மாதத்துக்கு முந்தைய நிலைக்கு மேல் போக முடியாது. பதினொரு போல்டரும் சேர்வரை ஒருநாளும் கண்டதே இல்லை.

நல்ல காலம், மின்னல் தின்றது லாப்டொப்பின் போர்டை. ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி ஒரு யூஎஸ்பி கூட்டுக்குள் போட்டு என் கணினியில் கொழுவினேன். தண்டர்பேர்ட் தன் சாமான்களை வைக்கும் இடத்தைத் திறந்தால், ஒவ்வொரு போல்டருக்கும் அதன் பெயரில், வால் எதுவும் இல்லாத ஒரு கோப்பு. பக்கத்திலேயே அதே பெயரோடு 'எம்எஸ்எஃப்' என்று முடியும் ஒரு சின்னக் கோப்பு. பெரிய கோப்பு சரக்கு. சின்னது அட்டவணை. அட்டவணை அழிந்தால் தண்டர்பேர்ட் சரக்கைப் பார்த்துத் திரும்ப எழுதிக்கொள்ளும். சரக்கு அழிந்தால் அட்டவணையை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது.

'விதைநெல்' என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டிருந்த கோப்பை அந்தத் தங்கச்சிக்கு முன்னாலேயே சாதாரண நோட்பாட்டில் திறந்து காட்டினேன். முதல் வரி 'ஃப்ரொம்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்குகிறது, பின்னால் ஒரு இடைவெளி, ஒரு சிறுகோடு, திகதி, நேரம். அதன் கீழ் முதலாவது கடிதம். அது முடிந்து ஒரு வெற்று வரி. மறுபடி 'ஃப்ரொம்'. இரண்டாவது கடிதம். இப்படியே ஆயிரக்கணக்கான வரி. ஒரு போல்டர் முழுக்க ஒரே நீளமான எழுத்துக் கோப்பு. இந்த முறைக்கு எம்பொக்ஸ் என்று பெயர். யூனிக்ஸின் தொடக்க காலத்தில் இருந்து வருவது. பல பழைய சேர்வர்களும் இப்படித்தான் சேமித்தன.

வன்னியின் பழைய வளவுகளில் நெல்லைக் கொம்பறையில் கொட்டி வைப்பார்கள். எந்தத் துண்டு வயலின் நெல், எந்த நாள் வந்தது என்று உள்ளே பிரித்துப் பார்க்க முடியாது, எல்லாம் ஒரே குவியல். எம்பொக்ஸ் ஒரு கொம்பறை. கடிதத்தைக் கடிதத்தில் இருந்து பிரிக்க இருப்பது வரியின் தொடக்கத்தில் வரும் அந்த ஒரு 'ஃப்ரொம்' மட்டும். யாராவது கடிதத்துக்குள்ளேயே ஒரு வரியை அதே சொல்லால் தொடங்கினால், அங்கே புதுக் கடிதம் தொடங்குவதாக மென்பொருள் நினைத்துவிடும். அதைத் தடுக்க, அப்படியான வரிக்கு முன்னால் ஒரு கூர்க்குறியை (>) போட்டு வைப்பார்கள். பழைய மின்னஞ்சல்களில் 'ஃப்ரொம்' என்ற சொல்லுக்கு முன்னால் காரணமில்லாமல் ஒரு கூர்க்குறி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அது எம்பொக்ஸ் பட்ட காயத்தின் தழும்பு.

குவியலின் கஷ்டம் எடுக்கும்போதுதான் வரும். நடுவில் கிடக்கும் ஒரு கடிதத்தை உண்மையில் அகற்றுவதென்றால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். அதனால் தண்டர்பேர்ட் கடிதத்தை உடனே அகற்றுவதில்லை. கடிதத்தின் தலையில் ஒரு குறியை மாற்றிவிட்டு, திரையில் காட்டாமல் விடுகிறது. போல்டரைச் சுருக்கு என்று சொல்லும்வரை எழுத்து அப்படியே கிடக்கும். 'விதைநெல்' கோப்பில் அவர் அழித்துவிட்டதாக நினைத்திருந்த கடிதங்களும் கிடந்தன. "இது நான் போன வருசம் டிலீற் பண்ணினதெல்லோ" என்று திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார்.

தமிழ்க் கடிதங்களைத் தேடியதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நோட்பாட்டில் தமிழ் எங்கேயும் தெரியாது. மின்னஞ்சல் பிறந்த காலத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே பாதுகாப்பாகப் பயணம் செய்தன. ஆகவே மற்ற மொழிகளை அந்த எழுத்துக்களாகவே மாற்றி அனுப்பும் வழக்கம் வந்தது, பேஸ்-64 என்பார்கள். யூனிகோட் எழுத்தைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையில் தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அதில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றுதான். உயிரும் மெய்யும் எதுவாக இருந்தாலும் இரண்டாவது பைட்டும் ஒன்றுதான். அதனால் பேஸ்-64 ஆகும்போது, தமிழ் எழுத்தில் தொடங்கும் தலைப்பு எதுவும் 'நாலு, கே, ஆறு' என்ற மூன்று குறியோடுதான் தொடங்கும். 'வணக்கம்' என்றாலும் அப்படித்தான், 'பசளை' என்றாலும் அப்படித்தான். அந்த மூன்று குறியையும் தேடல் பெட்டியில் போட்டேன். கமக்காரர்கள் தமிழில் தலைப்பிட்டு எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன.

இணைப்புகளும் இதே வழியில்தான் போகின்றன. மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்பது கணக்கு. 3 எம்பி படம் ஒன்று கடிதத்தில் ஏறும்போது 4 எம்பிக்குக் கொஞ்சம் மேலாகிவிடும். கார்ட் போட்டு டேட்டா பாவிப்பவர்கள் இதைத் தெரிந்திருப்பது நல்லது. படத்தை அனுப்ப முதல் சின்னதாக்கினால், படத்தில் குறைத்த அளவை விட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக டேட்டா மிச்சப்படும்.

இனிச் சேர்வர் பக்கம். நான் பார்த்துக்கொள்ளும் சேர்வரில் கடிதங்கள் எம்பொக்ஸ் ஆக இல்லை. அங்கே மெயில்டிர் என்ற முறை. 1990களின் நடுவில் கியூமெயில் என்ற மென்பொருளை எழுதிய டானியல் பேர்ன்ஸ்டைன் உண்டாக்கியது. குவியல் வேண்டாம், ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பு என்றார் அவர். கொம்பறையை விட்டு மூட்டைக்கு மாறியது போல. ஒவ்வொரு மூட்டையிலும் சீட்டுக் கட்டியிருக்கும்.

ஒரு போல்டருக்குள் மூன்று அறை இருக்கும்: தற்காலிகம், புதியது, நடப்பு. வரும் கடிதம் முதலில் தற்காலிக அறையில் எழுதப்படும். கடைசி எழுத்து வரை வட்டில் விழுந்த பிறகுதான் அது புதியது என்ற அறைக்கு மாற்றப்படும். பிறகு மின்னஞ்சல் மென்பொருள் ஒன்று வந்து பார்த்ததும் நடப்பு அறைக்குப் போகும். இந்த மூன்று அறை ஒழுங்கு ஏன் என்று விளங்க எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நேரம் எடுக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்? எம்பொக்ஸ் என்றால் பெருங்கோப்பின் வாலில் அரைக் கடிதம் தொங்கும். மெயில்டிர் என்றால் அரைக் கடிதம் தற்காலிக அறையில் கிடந்து சாகும், முழுக் கடிதங்களை அது தொடாது. அனுப்பிய சேர்வருக்கும் "கிடைத்தது" என்ற பதில் போயிருக்காது, அது பிறகு திரும்ப அனுப்பும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. பட்டரி இறங்கி அந்தச் சேர்வர் பலதரம் திடீரென்று நின்றது. ஒரு கடிதமும் பழுதாகவில்லை. யாரோ ஒருவர் அந்த மூன்று அறையை யோசித்து வைத்ததற்கு அந்த நாட்களில் நான் மனதார நன்றி சொன்னேன்.

மூட்டையின் சீட்டைப் பார்ப்போம். கோப்பின் பெயர்தான் சீட்டு. முதலில் ஒரு நீண்ட எண்: 1970 ஜனவரி 1 இல் இருந்து கடிதம் வந்த நேரம் வரை எத்தனை செக்கன் என்பது. பிறகு ஒரு புள்ளி. பிறகு, இன்னொரு கடிதத்துக்கு இதே பெயர் விழாமல் இருக்க வேறு சில எண்கள், சேர்வரின் பெயர். கடைசியில் ஒரு முக்காற்புள்ளி, 2, ஒரு காற்புள்ளி, அதன் பின் சில ஆங்கில எழுத்து. 'எஸ்' என்றால் வாசித்தாயிற்று. 'ஆர்' என்றால் பதில் போட்டாயிற்று. 'எஃப்' நட்சத்திரம் இட்டது. 'டி' என்ற ஒலியில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து உண்டு, ஒன்று வரைவு, மற்றது அழிக்கக் குறித்தது. நீங்கள் போனில் ஒரு கடிதத்தைத் தொட்டுத் திறந்ததும், தடித்த எழுத்து மெல்லிதாகிறது அல்லவா? அந்த நொடியில் சேர்வரில் ஒரு கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு 'எஸ்' ஒட்டப்படுகிறது. கடிதத்தின் உள்ளே ஒரு எழுத்தும் மாறவில்லை.

இதில் ஒரு பொறி உண்டு. வின்டோஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை அனுமதிக்காது. நாம் கடையில் வாங்கும் பென்டிரைவ்களும் வின்டோஸ் முறையில் ஒழுங்கு செய்யப்பட்டவையே. மெயில்டிரை அப்படியே பென்டிரைவுக்கு இழுத்துப் பக்கப் எடுத்தால் வாசித்த கடிதங்கள் ஏறாமல் விடுபடும். முழு டிரெக்டரியையும், அதாவது வட்டில் அந்தக் கோப்புகள் கிடக்கும் இடத்தையே, 'டார்' என்ற கட்டளை போட்டு ஒரே கோப்பாகக் கட்டித்தான் ஏற்ற வேண்டும்.

போல்டருக்குள் போல்டர் எப்படி? திரையில் மரம் போலத் தெரிகிறது. ஆனால் மெயில்டிரின் விரிவாகப் பலர் பாவிக்கும் அடுக்கு முறையில், சேர்வரின் வட்டில் மரமே இல்லை. எல்லாப் போல்டரும் ஒரே தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். பெயரில் உள்ள புள்ளிதான் கிளை. 'கூட்டம்' என்ற போல்டருக்குள் '2023' என்று ஒன்று வைத்தால், வட்டில் '.கூட்டம்', '.கூட்டம்.2023' என்று இரண்டு டிரெக்டரி. இதனால் தாய்ப் போல்டரை அழித்தாலும் பிள்ளை அழியாது, ஐமப் விதியும் அதையே சொல்கிறது. இன்னொரு விளைவு வேடிக்கையாகத் தெரியலாம், அனுபவித்தவருக்கு அப்படி இருக்காது. மாங்குளத்தில் ஒரு அலுவலகத்தில் வீதித் திருத்த வேலைக்காக 'ஏ.9 வீதி' என்று போல்டர் உருவாக்கினார்கள். வந்தது 'ஏ' என்று ஒரு வெற்றுப் போல்டரும் அதற்குள் '9 வீதி' என்று ஒரு போல்டரும். அந்தச் சேர்வரில் புள்ளி என்றால் கிளை. பெயரில் புள்ளி வைக்க வழியில்லை. சில சேர்வர்களில் இதே வேலையைச் சாய்கோடு செய்யும், அங்கே '2022/23 காலபோகம்' என்று எழுதினால் இதே கதை நடக்கும்.

'ஏ.9 வீதி' என்று தமிழில் எழுதினேன், ஆனால் வட்டில் தமிழ் இருக்காது. ஐமப்பின் பழைய விதிப்படி போல்டர் பெயரும் ஆங்கில எழுத்தாக மாற்றப்பட்டே போகும். இது தலைப்புக்குப் பாவிக்கும் முறையும் அல்ல, யூடிஎஃப்-7 இன் மாற்றியமைத்த வடிவம். ஒரு 'அன்ட்' குறி (&), அதன் பின் புரியாத எழுத்துக்கள், கடைசியில் ஒரு சிறுகோடு. யூனிகோட்டில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் முழுவதும் ஒரே பைட்டில் தொடங்குவதால், எந்தத் தமிழ்ப் பெயரும் 'அன்ட்' குறிக்குப் பின் ஆங்கில 'சி' எழுத்தோடு தொடங்கும், அதற்கடுத்து 4 இல் இருந்து 7 வரையான ஒரு எண். 'அ' என்றால் 4, 'க' என்றால் 5, 'த' என்றால் 6, 'வ' என்றால் 7. சேர்வரில் 'அன்ட், சி, 7' என்று ஒரு டிரெக்டரியைக் கண்டு வைரஸ் என்று பயந்து அழித்தவர்களைக் கண்டிருக்கிறேன். அது யாரோ ஒருவருடைய 'வயல்' போல்டர். புதிய 2021 விதி நேரடியாகவே யூடிஎஃப்-8 ஐ ஏற்கிறது. ஆனாலும் பழைய முறை இன்னும் பல வருடம் நம்மோடு இருக்கும்.

இந்த மாற்றத்தில் மூன்று யூனிகோட் குறிக்கு எட்டு எழுத்துச் செலவாகும். லினக்ஸில் ஒரு பெயருக்கு இடம் 255 பைட். தாய், பிள்ளை, பேரன் எல்லாம் ஒரே டிரெக்டரிப் பெயரில் வரிசையாக வருவதால், நீளமான தமிழ்ப் பெயர்களை நாலைந்து அடுக்குக்கு வைத்தால் முட்டும். தமிழில் பெயர் வையுங்கள், சின்னதாக வையுங்கள்.

கோப்புகளுக்கு மேல் இன்னொரு அடுக்கு இருக்கிறது, அதைத்தான் பலர் கணக்கெடுப்பதில்லை. ஐமப் ஒவ்வொரு போல்டருக்குள்ளும் கடிதங்களுக்கு ஒரு இலக்கம் கொடுக்கிறது, யூஐடி. அது ஏறுமுகமாகவே போகும், ஒருதரம் கொடுத்ததை இன்னொரு கடிதத்துக்குக் கொடுக்காது. போல்டருக்கும் தனியாக ஒரு செல்லுபடி எண் உண்டு. உங்கள் போன், "இந்தச் செல்லுபடி எண்ணில் 4,210 வரை எடுத்துவிட்டேன், அதற்கு மேல் உள்ளதைத் தா" என்றுதான் சேர்வரைக் கேட்கிறது. அந்தச் செல்லுபடி எண் மாறினால், போன் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு முதலில் இருந்து இறக்கத் தொடங்கும்.

இந்த இலக்கங்கள் கடிதக் கோப்புக்குள் இல்லை. 2002 இல் பின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிரைனென் வெளியிட்ட டவ்கொட் என்ற சேர்வர் மென்பொருள், இவற்றைப் போல்டருக்குள் 'யூஐடி பட்டியல்' என்ற ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கிறது. ஒருமுறை பழைய சேர்வரில் இருந்து புதியதுக்குக் கடிதங்களை மாற்றியபோது, அந்தச் சிறு கோப்புகளைத் தேவையில்லாதவை என்று நினைத்து விட்டுவிட்டேன். கடிதம் எல்லாம் வந்து சேர்ந்தது, ஒன்றும் குறையவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை அத்தனை பேருடைய போனும் பல வருடக் கடிதத்தை முதலில் இருந்து இறக்கத் தொடங்கின. பத்து மணிக்கு முதல் பலருடைய டேட்டா முடிந்துவிட்டது. நகரத்தில் வைபையில் இருப்பவருக்கு இது ஒரு மந்தமான காலை. அக்கராயனில் கார்ட்டை நம்பி இருப்பவருக்கு அது கையில் இருந்து போன காசு. இப்போது அந்தச் சிறு கோப்பை நான் கடிதத்தை விடப் பத்திரமாகப் பார்க்கிறேன்.

எல்லாச் சேர்வரும் இப்படிக் கோப்புக் கோப்பாக வைப்பதில்லை. மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் எல்லாருடைய பெட்டியையும் பெரிய தரவுத்தளக் கோப்புகளுக்குள் வைக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த சைரஸ் என்ற சேர்வர் மென்பொருள், யூஐடியையே கோப்புப் பெயராக வைத்து, அட்டவணையைத் தனியாக எழுதுகிறது. பாவிப்பவருக்கு இவை எல்லாம் ஐமப் என்ற ஒரே முகத்தைத்தான் காட்டும்.

ஒரு கடிதத்தை ஒரு போல்டரில் இருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போடுவது ஒரு செயல் போலத் தெரியும். நெடுங்காலம் அது மூன்று செயல்: அங்கே பிரதி எடு, இங்கே அழிக்கக் குறி, பிறகு குறித்ததை அகற்று. நடுவில் சிக்னல் அறுந்தால் கடிதம் இரண்டு இடத்திலும் நிற்கும். ஒரே கடிதம் இரட்டையாகக் கிடக்கிறது என்று வரும் முறைப்பாட்டில் பாதி இதனால்தான். நகர்த்து என்ற தனிக் கட்டளை 2013 இல்தான் விதியாக வந்தது. அதேபோல 'அனுப்பியவை' என்ற போல்டர் ஒருவருக்கு மூன்று பெயரில் மூன்று நிற்பதும் மென்பொருள்களின் பழக்கத்தால். லாப்டொப் ஒரு பெயரில் தேடும், இல்லையென்றால் உருவாக்கும், போன் இன்னொரு பெயரில் தேடும். இதுதான் அனுப்பியவை, இதுதான் குப்பை என்று சேர்வரே அடையாளம் சொல்லும் விதி 2011 இல் வந்தது, ஆர்எஃப்சி 6154. சேர்வரில் அதைச் சரியாகப் போட்டுவைத்தால் தொல்லை பெருமளவு தீரும்.

ஜிமெயில் கதை வேறு. 2004 ஏப்ரல் 1 இல் 1 ஜிபி இடத்தோடு அது வந்தபோது போல்டரையே விட்டுவிட்டது. அங்கே கடிதம் ஒன்றே ஒன்றுதான், எல்லா அஞ்சல்களும் கிடக்கும் ஒரே களஞ்சியத்தில். நாம் போல்டர் என்று நினைப்பது அதன்மேல் ஒட்டிய லேபிள். ஒரு கடிதத்தில் 'காணி' லேபிளும் 'வழக்கு' லேபிளும் ஒரே நேரத்தில் ஒட்டலாம். ஐமப் மூலம் பார்க்கும் மென்பொருளுக்கு லேபிள் தெரியாது என்பதால், அதே கடிதத்தை அது இரண்டு போல்டரில் இரண்டாகக் காணும், இரண்டு தரம் இறக்கவும் கூடும். இன்பொக்ஸில் இருந்து 'ஆவணப்படுத்து' என்று தள்ளினால் ஒரு லேபிள் உரிகிறது, கடிதம் களஞ்சியத்திலேயே நிற்கிறது. 'அழி' என்றால் குப்பைக்குப் போய் 30 நாளில் உண்மையிலேயே போய்விடும். இந்த இரண்டு பொத்தானுக்கும் உள்ள தூரத்தை வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத தனிப்பட்ட கூகிள் கணக்குகளை நீக்கும் ஒழுங்கு 2023 டிசம்பரில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அப்போது லேபிளோ களஞ்சியமோ எதுவும் மிஞ்சாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2008 இலும் 2009 இலும் இந்த நிலத்தில் இருந்தவர்கள் இடம் பெயர்ந்து பெயர்ந்து போனபோது, பிள்ளைகளுக்கு அடுத்ததாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனது ஒரு பை. உறுதி, பெர்மிட், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை. சிலருடைய பை கடைசிவரை வந்தது. பலருடையது வரவில்லை. காகிதம் இல்லாமல் தன் காணியைத் தன் காணி என்று சொல்ல எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்பது இங்கே ஒவ்வொரு ஊருக்கும் தெரியும். இன்று அதே காகிதங்களைப் போனில் படம் எடுத்துத் தங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வைக்கிறார்கள். நல்ல பழக்கம். அந்த மின்னஞ்சல் சேர்வரில் நிற்கிறதா, ஒரு லாப்டொப்பின் கொம்பறைக்குள் மட்டும் கிடக்கிறதா என்று தெரியாமல் நிம்மதியாக இருப்பதுதான் என்னைப் பயப்படுத்துகிறது.

சோதித்துப் பார்ப்பது சுகம். ஒரு போல்டரை லாப்டொப்பில் புதிதாக உருவாக்குங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் போனில் அதே கணக்கைத் திறந்து பாருங்கள். அங்கே வந்திருந்தால் போல்டர் சேர்வரில் இருக்கிறது. வரவில்லை என்றால் அது உங்கள் மடியில் மட்டும்தான் இருக்கிறது. வந்தும் திரையில் தெரியாமல் இருக்கலாம், சில மென்பொருள்கள் நீங்கள் சந்தா போட்ட போல்டர்களை மட்டுமே காட்டும். போல்டர்ப் பட்டியல் அமைப்பில் ஒருக்கா பாருங்கள்.

அந்தக் கமக்கார அமைப்பின் கணக்கை ஐமப்புக்கு மாற்றினோம். பழைய ஹார்ட்டிஸ்க்கில் இருந்து மீட்ட பதினொரு கோப்பையும் புது லாப்டொப்பின் உள்ளூர்ப் போல்டர்களில் வைத்து, அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சேர்வருக்கு இழுத்து ஏற்றினோம். மொத்தம் 3 ஜிபிக்கு மேல். பகலில் ஏற்றினால் அலுவலக வேலை நின்றுவிடும் என்று இரவு டேட்டாவில் நாலு இரவு எடுத்தது. ஒவ்வொரு காலையும் அந்தத் தங்கச்சி போனில் எண்ணிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்வார். "மூண்டு வந்திட்டுது." "ஆறு." "பசளையும் வந்திட்டுது அண்ணை."

ஐந்தாம் நாள் காலை நான் சேர்வரில் டிரெக்டரிப் பட்டியலைப் போட்டேன். பதினொன்று இருக்க வேண்டும். பன்னிரண்டு இருந்தது. கடைசியில் நின்றது ஒரு புள்ளியிலும் 'அன்ட்' குறியிலும் தொடங்கியது, அடுத்து 'சி', அடுத்து 5. ககரத்தில் தொடங்கும் ஒரு தமிழ்ப் பெயர். அவருக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"'காணி' எண்டு வச்சனான் அண்ணை. அம்மான்ர பெர்மிட். முள்ளிவாய்க்கால் மட்டும் அம்மா சொப்பிங் பையிலை கொண்டு திரிஞ்சது."

நடப்பு அறைக்குள் ஒரே ஒரு கோப்பு இருந்தது. பெயரின் முடிவில், காற்புள்ளிக்குப் பின்னால், 'எஸ்'.